உப்பு வீதியின் ஒரே ரீல்

பெட்டியைக் கையில் எடுத்ததுமே பத்மநாதனுக்குத் தெரிந்துவிட்டது. பாரம் இல்லை.

அவர் அதைத் திறக்கவில்லை. இரண்டு கையாலும் ஏந்தியபடி அப்படியே நின்றார். குளிர்நாட்டுப் புறநகரான அஜின்கோர்ட்டில், அவருடைய வீட்டு பேஸ்மென்ற்; நிலத்தடியில் ஒரு ஒலிப்பதிவு அறை. இரு பக்கமும் 'வடக்கு வேலி' இசைக்குழுவின் நான்கு பேர் அல்பத்தின் அட்டைப்படத்துக்காகச் சிரிப்பை முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அங்கிள், பெட்டியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ," என்றாள் கமெராவுக்குப் பின்னால் நின்ற கௌசி.

"இதுக்குள்ள ஒண்டும் இல்லைப் பிள்ளை."

"பத்தண்ணை, படத்துக்கு நிக்கேக்க பகிடி விடாதேங்கோ," என்றான் கிற்றார் வாசிக்கும் றூபன்.

பத்மநாதன் மூடியைத் தூக்கினார். அட்டையின் அடியில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

சிரிப்பு ஒவ்வொரு முகமாகக் கழன்றது. பாடகி ரதி தன் கையைத் தொண்டையில் வைத்தாள். அதைக் கௌசி கவனித்தாள்.

காணாமல் போனது சாப்பாட்டுத் தட்டு அளவான ஒரு ஒலிநாடாச் சுருள். குழுவின் முதல் அல்பமான 'உப்பு வீதி'யின் பத்துப் பாட்டும் அதில்தான் இருந்தன. கன்ட்றி றொக் இசையைத் தமிழில் பாடுகிறவர்கள் இவர்கள். குதிரையும் மாட்டுப் பண்ணையும் பாட்டில் வராது. இரவில் றோட்டுக்கு உப்புத் தூவுகிற லொறிகள் வரும்.

பத்மநாதன் ஒரு காலத்தில் வானொலியில் ஒலிப்பதிவு செய்தவர். கம்ப்யூட்டரை அறைக்குள் விடமாட்டார். நான்கு பேரும் ஒன்றாக நின்று வாசிக்க, அது நேரே நாடாவில் ஏறும். ஒருவர் பிழைத்தாலும் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். நல்லவற்றை வெட்டி ஒட்டி அவர் ஒரே சுருளாக்குவார். நேற்றுப் பின்னேரம்தான் கடைசி ஒட்டு முடிந்து எல்லோரும் இருந்து கேட்டார்கள். நகல் இன்னும் எடுக்கவில்லை. இன்று மதியம் ஒரு மணிக்கு இசைத்தட்டு வெட்டுகிறவர் வந்து சுருளை வாங்கிப் போவதாக இருந்தது.

"பொலிசுக்குப் போன் அடிப்பம்," என்றார் லெஸ்லி. குழுவில் வயதானவர் அவர். மேசை போல் நான்கு காலில் நிற்கிற ஸ்ரீல் கிற்றாரை வாசிப்பவர். "நான் அப்பவே சொன்னனான், கம்ப்யூட்டரில பதியச் சொல்லி. ஆர் கேட்டது?"

"பொலிஸ் வேண்டாம்," என்றாள் ரதி. "வெளியாக்களுக்கு உந்த ரீல் என்னத்துக்கு? எங்களில ஒராள்தான்."

"எடுத்தவன் எடுத்திட்டான். திருப்பி வாசிப்பம்," என்றான் றூபன். "ஒரு மாச வேலை. இதுக்கு ஏன் செத்த வீடு மாதிரி நிக்கிறியள்?"

ரதி அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். பிறகு படியேறி மேலே போய்விட்டாள்.

பத்மநாதன் கௌசியைப் படிக்கட்டின் கீழே ஒதுக்கிக் கூட்டிப் போனார்.

"பிள்ளை, இது திருப்பிச் செய்யிற அலுவல் இல்லை." அவர் குரலைத் தாழ்த்தினார். "செவ்வாய்க்கிழமை ரதிக்குத் தொண்டையில ஒப்பரேஷன். கட்டி. உயிருக்குப் பயமில்லை எண்டு டொக்டர் சொல்லிட்டார். குரலுக்கு மட்டும் ஒரு உறுதியும் தரேல்லை. அந்தக் குரல் இனி அந்த ரீலில மட்டும்தான்."

"மற்றவைக்குத் தெரியுமோ?"

"எனக்கு மட்டும்தான் சொன்னவள். 'இரக்கப்பட்டு வாசிச்சா தாளம் பிசகும் பத்தண்ணை, ஒருத்தருக்கும் வாய் திறவாதேங்கோ' எண்டவள்." அவர் கண்ணைத் துடைத்தார். "போன வருசம் ஒரு கலியாண வீட்டில துலைஞ்ச தாலிக்கொடியை நீ படத்தைப் பாத்தே எடுத்துக் குடுத்தனி எல்லே. இதையும் ஒருக்காப் பாரன்."

"அது மாப்பிள்ளையின்ர சித்தியின்ர ஹான்ட்பாக்கில இருந்தது அங்கிள். அதுக்கு மூளை தேவைப்படேல்லை."

ஆனால் அவள் கமெராவைக் கழுத்திலிருந்து கழற்றி வைத்தாள்.

மணி பதினொன்றரை.

*

முதலில் பத்மநாதனையே கேட்டாள்.

"கடைசியா ரீலை எப்ப கண்டனீங்கள்?"

"காலமை. தேத்தண்ணியோட ஒருக்காப் போட்டுக் கேட்டிட்டு நானே பெட்டியில வைச்சன்."

"பிறகு?"

"வெளியில பனி தள்ளி, உப்புப் போட்டிட்டு, எல்லாருக்கும் சாப்பிட றோல்ஸ் வாங்கக் கடைக்குப் போனன்."

"கதவு?"

"பக்கக் கதவை நான் பூட்டுறதில்லை. இஞ்ச எல்லாருக்கும் அது தெரியும். சனிக்கிழமை எண்டா அந்தக் கடையில ஒரு மணித்தியாலம் லைன். இண்டைக்குக் குளிருக்கு ஒரு குருவி இல்லை. ஒன்பதரைக்கே வந்திட்டன்."

"வந்த பிறகு இந்த அறையை விட்டு அசைஞ்சனீங்களோ?"

"ஒருக்கா. லெஸ்லியின்ர பெட்டி பாரம், முன்வாசலால இறக்க வேணும். எல்லாரும் மேல போய்த் தூக்கினம்."

கௌசி பக்கக் கதவைத் திறந்து பார்த்தாள். இரவு கொட்டிய பனி வேலியோரம் இடுப்பளவு குவிந்திருந்தது. பாதை சுத்தமாகத் தள்ளப்பட்டு உப்புப் போட்டிருந்தது. அடித்தடம் தேட இடமில்லை. வானம் ஒரு முகில்கூட இல்லாமல் நீலமாக இருந்தது. குளிர் மைனஸ் பதினெட்டு. அவள் கதவைச் சாத்தினாள்.

அடுத்தது லக்சிகா. ட்றம்ஸ் வாசிப்பவள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

"நானும் ரதியக்காவும் என்ர காரில ஒண்டா வந்தனாங்கள். பத்து மணி இருக்கும். நான் ட்றம்ஸ் செட் பண்ணினன், அக்கா அங்கிளோட கதைச்சுக்கொண்டு நிண்டவ. தட்ஸ் இட்."

"அறையை விட்டுப் போகவே இல்லையோ?"

"வாஷ்றூமுக்குப் போனன். ஓ, அங்கிள், உங்கட லோன்ட்றி றூம் வாசல் முழுக்கத் தண்ணி. மை சொக்ஸ் ஆர் டன்." அவள் வெறுங்காலைத் தூக்கிக் காட்டினாள்.

"மெஷின் பழசு," என்றார் பத்மநாதன். "மனிசி வேலைக்குப் போக முதல் உடுப்புத் தோய்ச்சிருப்பா."

கௌசி குரலைத் தாழ்த்தினாள். "காலமை வந்ததும் றூபன் அண்ணா 'கடைசி எக்சிற்' பாட்டை வாசிக்கேக்க நீ ஏன் நிலத்தைப் பாத்தனி?"

லக்சிகா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இட்ஸ் ஓக்வர்ட். அது அல்பத்தின்ர கடைசிப் பாட்டு. அதில றூபன் அண்ணாவின்ர கிற்றார் லீட் பெரிசா இருந்தது. புதன்கிழமை ரதியக்கா திடீரெண்டு கோல் பண்ணி, 'இப்பவே வாங்கோ, அதைத் திருப்பி எடுப்பம்' எண்டா. றூபன் அண்ணா ஷிஃப்டில. வேலையில போன் எடுக்க ஏலாது. அவர் இல்லாமலே எடுத்தம். அவரின்ர பார்ட்டை லெஸ்லி அங்கிள் ஸ்ரீலில வாசிச்சார். நேற்று ரீலைக் கேக்கேக்கதான் அவருக்குத் தெரியும்."

"என்ன சொன்னவர்?"

"நத்திங். 'நல்லாயிருக்கு' எண்டிட்டுப் போயிட்டார்."

லெஸ்லி தன் பெட்டியின் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். ஒரு சிறு சவப்பெட்டி அளவான கறுப்புப் பெட்டி. இரண்டு பூட்டும் பூட்டியபடியே இருந்தன.

"நீங்கள் எப்ப வந்தனீங்கள்?"

"நீ வரத்தானே நான் பெட்டியை இறக்கிக்கொண்டு நிண்டன். கண்ணில்லாமல் வாசலில நிண்டனி."

உண்மைதான். எல்லோரும் அந்தப் பெட்டியைப் படியால் இறக்கிக்கொண்டிருந்தபோது கௌசி வெளியிலிருந்து உள்ளே வந்தாள். சூட்டுக்குள் கால் வைத்ததும் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. "பிள்ளையின்ர கண்ணுக்குள்ள ஸ்னோ ஸ்ரோம்," என்று லெஸ்லி சிரித்தார். கமெராவை அவள் இறுக்கிக் கட்டிய பொலித்தீன் பையோடு மூலையில் வைத்தாள். குளிர் போகுமட்டும் பையை அவிழ்க்க மாட்டாள். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிற நேரத்தில் மணி அடித்தது. கடைசியாக றூபன் வந்தான்.

"அண்ணை, அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுங்கோவன்," என்றான் றூபன் இப்போது. அவன் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "வந்து இவ்வளவு நேரம். இன்னும் திறக்கேல்லை. ஏன்?"

"திறக்க மாட்டன்."

"ரீல் வைக்க நல்ல இடம் உது."

லெஸ்லியின் கழுத்து நரம்பு புடைத்தது. "டேய், இது இரவு முழுக்க வாகனத்துக்குள்ள கிடந்தது. தொட்டுப் பார், ஐஸ். இப்ப திறந்தா உள்ளுக்க வேர்த்து ஊத்தும். கம்பி துருப்பிடிக்கும், வார்னிஷ் வெடிக்கும். உனக்கு இது தெரியாததோ?"

"தெரியும். ஆனா இப்ப ரீல் காணேல்லை."

"ஜஸ்ட் ஓப்பன் இட், அங்கிள்," என்றாள் லக்சிகா.

லெஸ்லி பெட்டியின் மேல் கையை வைத்தபடி எழும்பினார். அறை சுருங்கியது போலிருந்தது. பத்மநாதன்கூட அந்தப் பூட்டுகளையே பார்த்தார்.

"வேண்டாம்," என்றாள் கௌசி. "குளிர் போனாப் பிறகு திறப்பம். றூபன் அண்ணா, நீங்கள் சொல்லுங்கோ. எப்படி வந்தனீங்கள்?"

"ரூஜ் பக்கமிருந்து பஸ்ஸில. கார் ஸ்ரார்ட் ஆகேல்லை. பஸ் ஸ்ரொப்பில அரை மணித்தியாலம் விறைச்சன். இறங்கி இன்னும் நடை."

"கிற்றாரோடயோ?"

"பின்ன, அதை வீட்டில விட்டிட்டு வாயால வாசிக்கிறதோ?"

"வந்ததும் என்ன செய்தனீங்கள்?"

"நீதானே பாத்தனி. கோட்டும் கழட்டாமல் இருந்து வாசிச்சன். போனில படமும் எடுத்தனி."

"ஓம்," என்றாள் கௌசி. "எடுத்தனான்."

*

பன்னிரண்டு மணிக்கு அவள் படிக்கட்டில் தனியே இருந்து அந்தப் படத்தைத் திறந்தாள்.

கமெரா பைக்குள் இருந்ததால் கோட்டுப் பைக்குள் சூடாகக் கிடந்த போனால் எடுத்த படம். றூபன் ஸ்ரூலில் இருக்கிறான். கோட்டின் கழுத்து மூடியிருக்கிறது. தொப்பியில் வெள்ளைப் பனி, இன்னும் உருகவில்லை. மடியில் கிற்றார். அதன் பழுப்பு வார்னிஷில் கூரை விளக்கு ஒரு சிறு நிலவு போலத் தெளிவாக விழுந்திருக்கிறது. ஓரத்தில் அவளுடைய சொந்த மூக்குக்கண்ணாடி மேசையில் கிடக்கிறது. இன்னும் பாதி வெள்ளை.

கௌசி படத்தைப் பெருப்பித்தாள். விளக்கைப் பார்த்தாள். தன் கண்ணாடியைப் பார்த்தாள். திரும்பவும் விளக்கைப் பார்த்தாள்.

பிறகு எழுந்து லோன்ட்றி அறைக்குப் போனாள். பக்கக் கதவுக்குப் போகிற வழியிலேயே அது இருந்தது. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் உறுமிக்கொண்டிருந்தது. அறை வெக்கையில் அவிந்தது. தோய்க்கும் மெஷினைத் திறந்து கையை விட்டாள். உள்ளே காய்ந்து கிடந்தது. மெஷினின் பின்புறம், சுவரோரமாக, நான்கு ஐந்து பொலித்தீன் பைகள். வெட்டி உறைய வைத்த முருங்கைக்காய். இப்போது தளர்ந்து தண்ணீராய் வடிந்துகொண்டிருந்தன.

அவள் ஒன்றையும் தொடவில்லை. மேலே போய் ரதியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

*

எல்லோரும் இருந்தார்கள். கௌசி நின்றாள்.

"றூபன் அண்ணா, ஒரு உதவி. உங்கட கிற்றாரைப் பையோட வெளியில கொண்டுபோய் அரை மணித்தியாலம் வையுங்கோ. பிறகு உள்ளுக்குக் கொண்டுவந்து உடனே திறந்து வாசியுங்கோ. நான் நல்ல கமெராவில படம் எடுக்கிறன்."

"விசரே உனக்கு? அது வெடிச்சுப் போகும்."

சொன்ன பிறகுதான் தன் சொல் அவனுக்கே கேட்டது.

"காலமை வெடிக்கேல்லையே," என்றாள் கௌசி.

கௌசி போனைக் கையில் எடுத்தாள்.

"லெஸ்லி அங்கிள் தன்ர பெட்டியைத் திறக்கேல்லை. நான் கமெராவைத் திறக்கேல்லை. என்ர கண்ணாடி வாசலிலயே வெள்ளையாப் போச்சுது. இந்த ஊரில குளிருக்குள்ளால வந்த சாமான் எல்லாம் சூட்டுக்குள்ள வந்த உடனே வேர்க்கும். நீங்கள் ஸ்ரொப்பில அரை மணித்தியாலம் விறைச்சு, பிறகும் நடந்து வந்தனீங்கள் எண்டுறியள். வந்த கையோட கிற்றாரை வெளியில எடுத்தியள். சுருதிகூடச் சேர்க்கேல்லை. அப்படியே வாசிச்சியள். இஞ்ச பாருங்கோ, வார்னிஷில விளக்குத் தெரியுது. ஒரு பொட்டு ஆவி இல்லை." அவள் போனை மேசையில் வைத்தாள். "அந்தக் கிற்றார் காலமை முழுக்க ஒரு சூடான அறைக்குள்ள இருந்திருக்கு."

"தொப்பியில ஸ்னோ இருக்கே," என்றாள் லக்சிகா, படத்தை எட்டிப் பார்த்து.

"இருக்கு. இண்டைக்கு வானத்திலயிருந்து ஒரு துகள் விழேல்லை. வேலிக்கரையில அள்ளிப் போட்டிருக்கிறார்."

றூபன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்கள் காரிலதான் வந்தனீங்கள். வேளைக்கே வந்தியள். அங்கிள் கண்டா, படத்துக்கு வந்தனான் எண்டு சொல்ல கிற்றார் தோளில. அவர் கடைக்குப் போனாப் பிறகு பக்கக் கதவால வந்து ரீலை எடுத்தியள். லைன் இருக்கும், ஒரு மணித்தியாலம் கிடைக்கும் எண்டு நினைச்சியள். அவர் கெதியா வந்திட்டார். லோன்ட்றி அறைக்குள்ள ஒளிச்சு நிண்டியள். எல்லாரும் லெஸ்லி அங்கிளின்ர பெட்டி தூக்க மேல போகேக்கதான் வெளியில போக வழி கிடைச்சது. ரீல் கையில இருந்தாப் பிடிபடுவியள் எண்டு உள்ளயே விட்டிட்டு, சுத்தி வந்து மணி அடிச்சியள்."

"ரீல்?" என்றாள் ரதி. அது ஒன்றைத்தான் அவள் கேட்டாள்.

"ரீலை அழிக்க அவருக்கு மனம் வரேல்லை அக்கா. அந்த அறையில ஃபேர்னஸ், ட்றையர், சுடுதண்ணித் தாங்கி. எல்லாம் சூடு. சூடு நாடாவுக்குக் கூடாது எண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரியும். சூடில்லாத இடம் அங்க ஒண்டுதான் இருக்கு. அதில இடம் செய்ய அன்ரியின்ர முருங்கைக்காயை வெளியில எடுத்து மெஷினுக்குப் பின்னால போட்டிருக்கிறார். லக்சிகாவின்ர சொக்ஸை நனைச்சது அதுதான்."

பத்மநாதன் ஓடினார். லோன்ட்றி அறையின் டீப் ஃப்ரீசர் மூடி திறபடும் சத்தம் கேட்டது. உறைந்த மீனும் றாலும் ஒன்றோடொன்று இடிபட்டன. பிறகு அவர் வாசலில் வந்து நின்றார். கையில் இரட்டைப் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றிய வட்டமான ஒன்று. அதன்மேல் உறைபனி.

ரதி எழும்பிப் போய் அதை வாங்கப் பார்த்தாள்.

"திறக்காதேங்கோ அக்கா," என்றான் றூபன். காலையிலிருந்து அவன் சொன்ன முதல் உண்மையான சொல் அதுதான் போலிருந்தது. "குளிர் போகுமட்டும் திறக்காதேங்கோ. ஈரம் பிடிச்சா நாடா ஒட்டிப்போகும்."

"ஏன்ரா?" என்றார் லெஸ்லி. கோபம் அவரிடம் மிச்சமிருக்கவில்லை.

"அந்தப் பாட்டை நான் ஒரு வருசமா வாசிச்சனான். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. நேற்று எல்லாரோடயும் இருந்து கேக்கிறன், என்ர இடத்தில வேற ஆள் வாசிக்குது. ரீல் இல்லாட்டி அதைத் திருப்பி எடுக்கத்தானே வேணும். எடுத்தாப் பிறகு, இஞ்ச கிடக்குது பாருங்கோ எண்டு குடுத்திருப்பன். அவ்வளவுதான் நினைச்சனான். ஒரு மாசம் பிந்தினா ஆருக்கு என்ன?"

ரதி அவன் முன்னால் ஸ்ரூலை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"எனக்கு ஒரு மாசம் இல்லை றூபன். செவ்வாய்க்கிழமை தொண்டையை வெட்டுகினம். அதுக்குப் பிறகு எனக்குப் பாட ஏலுமோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

லக்சிகா வாயைப் பொத்தினாள்.

"முதல் எடுத்ததில உன்ர கிற்றார் நல்லாத்தான் இருந்தது. என்ர குரல்தான் உடைஞ்சு போயிருந்தது. புதன்கிழமை எழும்பிப் பேசிப் பாக்கிறன், கன நாளைக்குப் பிறகு குரல் தெளிவா வருது. பின்னேரம் மட்டும் நிக்குமோ தெரியாது. உனக்கு மூண்டு தரம் போன் அடிச்சன். நீ வேலையில. காத்திருக்க ஏலாமப் போச்சு."

"நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"ஓம். சொல்லியிருக்க வேணும். நீயும் கேட்டிருக்கலாம்."

றூபன் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அவனைத் தொட ஒருவரும் போகவில்லை. அங்கிருந்து போகவும் இல்லை.

*

பத்மநாதன் இசைத்தட்டு வெட்டுகிறவருக்குப் போன் எடுத்து, பின்னேரம் வரச் சொன்னார். பொட்டலம் மேசை நடுவில் கிடந்தது. அதைச் சுற்றி ஆறு பேர். றோல்ஸ் ஆறிப்போய்க் கிடந்தன. உறைபனி முதலில் வெள்ளையாக இருந்தது, பிறகு துளியாகியது, பிறகு மேசையில் ஒரு வளையமாக நின்றது. ஒவ்வொரு தடவையும் லக்சிகா கையை நீட்ட, "இன்னும் இல்லை," என்றார் பத்மநாதன். கௌசி ஒரே ஒரு படம் எடுத்தாள். மேசையும் பொட்டலமும் சுற்றி இருந்த கைகளும். முகங்கள் அதில் இல்லை. அட்டைக்கு அதுவே போதும் என்று ரதி சொன்னாள்.

றூபன் ஒருமுறை எழும்பினான். "நான் போகட்டோ?"

"இரு," என்றாள் ரதி. "கேட்டிட்டுப் போ."

வெளியே வெளிச்சம் சாய்ந்த நேரத்தில் பத்மநாதன் பொட்டலத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அவிழ்த்தார். நாடாவை மெஷினில் பூட்டினார். கடைசிப் பாட்டு வருமட்டும் ஓட்டி, நிறுத்தி, பாட விட்டார்.

ஒரு கணம் இரைச்சல் மட்டும். பிறகு ரதியின் குரல் அறைக்குள் வந்தது. கீறல் இல்லை. விக்கல் இல்லை. லெஸ்லியின் ஸ்ரீல் கிற்றார் அதன் பின்னால் மெல்ல இழுபட்டுப் போனது. றூபன் தலையைக் குனிந்து முழுப் பாட்டையும் கேட்டான். அவனுடைய இடம் வந்தபோது இடக்கை விரல்கள் மட்டும் முழங்காலில் தாமாக அசைந்தன.

பாட்டு முடிந்தது.

"அல்பத்தில இவன்ர பேரை என்ன செய்யிறது?" என்று லெஸ்லி கேட்டார்.

"இருக்கட்டும். மற்ற ஒன்பது பாட்டையும் வாசிச்சவன் இவன்தானே." ரதி சால்வையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கினாள். "றூபன். செவ்வாய்க்கிழமை விடிய அஞ்சு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில நிக்க வேணும். உன்ர கார் ஸ்ரார்ட் ஆகுமோ?"

றூபன் நிமிர்ந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"ஆகும் அக்கா," என்றான். "மூலைப் பிளாசா கார் பார்க்கிலதான் நிக்குது."